ஒரே பங்கு, ஊருக்கு ஒரு பெயர்

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு என் நாத்தனார் போன் பண்ணினாள். குரலே சரியில்லை. "அண்ணி, எல்லாம் போச்சு. அவர் ரிட்டையர் ஆன பணத்துல வாங்கி வச்ச இன்ஃபோசிஸ் பங்கு 1,500 ரூபாய் கிட்ட இருந்தது. இப்ப போன்ல பாத்தா 18ன்னு காட்டுது" என்றாள். விடிந்ததும் மகனிடம் சொல்லி வந்த விலைக்கு விற்றுவிடுவதாக முடிவே பண்ணிவிட்டாள். அவர் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்தப் பங்குகள் அவளுக்குப் பணம் மட்டுமில்லை.

திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். பதினெட்டுக்கு முன்னால் இருந்தது டாலர் குறி. அவள் பார்த்தது நியூயார்க் விலை. பங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே கம்பெனிக்கு எதுக்கு அண்ணி இத்தனை பேரு? எந்த ஊரு விலைன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் எடுத்தவள். எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தக் குறியீடுகள் எங்கிருந்து வந்தன என்பது வரலாற்றுப் பாடம். அதைச் சொல்லலாம்.

தந்தியிலிருந்து தொடங்க வேண்டும். "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று நான்கே வார்த்தையில் வந்த தந்திகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வார்த்தைக்கு வார்த்தை காசு. அதனால் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கவலைப்படாமல் பத்திரமாக வந்து சேர்" என்றெல்லாம் யாரும் எழுதியதில்லை. நம் நாட்டில் 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. ஆனால் அது பழக்கிவிட்ட சுருக்கெழுத்துகள் இன்னும் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. சென்னை சென்ட்ரலுக்கு டிக்கெட் எடுத்தால் இன்றைக்கும் எம்.ஏ.எஸ். என்றுதானே வருகிறது? மெட்ராஸ் 1996ல் சென்னை ஆனது, 2019ல் நிலையத்துக்கே எம்.ஜி.ஆர். பெயர் வைத்தாயிற்று. ரயில்வே தந்திக் கம்பியில் போட்ட அந்த மூன்று எழுத்து மட்டும் அசையவில்லை.

பங்குக் குறியீடும் இதே வம்சம்தான். 1860களின் நியூயார்க்கில் பங்குச் சந்தைக்குள் நடந்த விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு தரகர் அலுவலகங்களுக்குப் பையன்கள் தெருவில் ஓடுவார்கள். எந்தப் பையன் முதலில் வருகிறானோ அந்தத் தரகருக்கு லாபம். 1867ல் எட்வர்ட் கலாஹன் என்ற தந்தித் துறை ஆள் அந்தப் பையன்களுக்குப் பதிலாக ஓர் இயந்திரம் செய்தார். உள்ளே இரண்டு சின்னச் சக்கரங்கள். ஒன்றின் விளிம்பில் எழுத்துகள், இன்னொன்றில் எண்கள். கம்பி வழியே மின்துடிப்பு வரவரச் சக்கரம் ஒவ்வொரு படியாக நகரும். வேண்டிய எழுத்து நேருக்கு வந்ததும் ஒரு காகித நாடாவில் அழுந்தி அச்சாகும். டிக் டிக் என்று சத்தம் போட்டதால் அதற்கு டிக்கர் என்று பெயர் வந்தது. நாடாவின் மேல் வரியில் பங்கின் பெயர், கீழ் வரியில் விலை.

இந்தச் சக்கரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அது சுற்றி வந்தாக வேண்டும். ஒரு ரயில்வே கம்பெனியின் முழுப் பெயரை அச்சிட்டு முடிப்பதற்குள் விலை மாறிவிடும். எனவே ஓர் எழுத்து, இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று. நிறைய கைமாறும் பங்குக்குக் குறைவான எழுத்து. டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.க்கு வெறும் 'டி', ஃபோர்டுக்கு 'எஃப்'. பின்னாளில் ஒற்றை எழுத்து கிடைப்பதே கௌரவம் ஆகிவிட்டது. 2008ல் பங்கு வெளியிட்ட விசா நிறுவனம் 'வி'யைப் பெற்றுக்கொண்டது. சிக்கனத்துக்காகப் பிறந்தது பெருமையாகிவிட்ட கதை.

இந்த இடத்தில் தாமஸ் எடிசனும் வருகிறார். உங்களுக்கு மின்விளக்கு பாடத்தில் வந்த அதே எடிசன்தான். விளக்குக்குப் பல வருஷம் முன்பே அவர் டிக்கரை மேம்படுத்தி, அந்த உரிமைக்கு 40,000 டாலர் வாங்கினார். 5,000 கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவர்களே 40,000 தருவதாகச் சொன்னார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

டிக்கர் தாமதமானால் என்ன ஆகும் என்பதை 1929 அக்டோபர் 24 காட்டியது. அன்று நியூயார்க்கில் ஏறக்குறைய ஒரு கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. நாடா ஈடுகொடுக்கவில்லை. சந்தை மூடி நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் பழைய விலைகளை அடித்துக்கொண்டிருந்தது. தன் பங்கு இப்போது என்ன விலை என்பது தெரியாமல் ஊர் ஊராக மக்கள் அந்த இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். தெரியாத பயத்திலேயே விற்றவர்கள் எத்தனையோ பேர். என் நாத்தனார் போனை வைத்துக்கொண்டு அழுததும் ஏறக்குறைய அதே பயம்தான். அடுத்த வருஷம் நிமிஷத்துக்கு 500 எழுத்து அடிக்கும் டிக்கர் வந்தது, 1964ல் அது 900 ஆனது.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை. மற்ற ஊர்கள் என்ன செய்தன? ஒவ்வொரு சந்தையும் தன் வசதிக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது. பக்கத்து ஊரில் அதே பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. லண்டன்காரர்கள் எழுத்தோடு புள்ளியையும் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கம்பெனியான பி.பி.க்கு அங்கே குறியீடு இரண்டு எழுத்தும் கடைசியில் ஒரு புள்ளியும். புள்ளி குறியீட்டின் பாகம், வாக்கியம் முடிந்ததற்கு வைத்ததல்ல. சீன, ஜப்பானிய எழுத்துகளோ ஆயிரக்கணக்கில் இருப்பவை, சக்கரத்தின் விளிம்பில் அடங்காதவை. தந்தியே சீனாவில் ஒரு எழுத்துக்கு நான்கு இலக்க எண் என்ற கணக்கில்தான் போயிற்று. பங்குகளுக்கும் கிழக்கு ஆசியாவில் எண்தான் நிலைத்தது. டொயோட்டா டோக்கியோவில் 7203, சாம்சங் சியோலில் 005930, டென்சென்ட் ஹாங்காங்கில் 0700. ஜப்பானில் நான்கு இலக்க எண்கள் தீர்ந்துபோகும் நிலை வந்ததும் 2024 முதல் கடைசியில் எழுத்து சேர்த்து 130ஏ என்பது போலக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதிலும் 'பி', 'ஐ', 'ஓ' போன்ற சில எழுத்துகளை விலக்கிவிட்டார்கள். 'பி' எட்டு மாதிரியும் 'ஐ' ஒன்று மாதிரியும் 'ஓ' சைபர் மாதிரியும் தெரியும் அல்லவா? எத்தனை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த அவஸ்தை!

நம் நாட்டில் இரண்டு வழியும் உண்டு. 1875ல் தொடங்கிய பம்பாய் பங்குச் சந்தையில் ஆறு இலக்க எண், இன்ஃபோசிஸுக்கு 500209. 1994ல் பங்கு வணிகம் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தையில் எழுத்து, அதுவும் பத்து எழுத்துக்குள். ஏசியன் பெயின்ட்ஸின் கடைசி 'எஸ்' அந்தப் பத்தில் இடமில்லாமல் உதிர்ந்துவிட்டது. ஹிந்துஸ்தான் யூனிலீவரை எண்ணிப் பார்த்தால் பாவமாக இருக்கும், அங்கங்கே எழுத்தைக் கடித்துப் பத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள்.

இப்போது என் நாத்தனாரின் சிக்கலுக்கு வருகிறேன். ஒரு நாட்டுக் கம்பெனியின் பங்கை இன்னொரு நாட்டில் விற்பது பழைய விஷயம். 1927லேயே லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடைப் பங்குகளை ஜே.பி. மார்கன் வங்கி வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக அமெரிக்காவில் ரசீது விற்றது. அமெரிக்க வைப்பு ரசீது என்கிற ஏ.டி.ஆர். அப்படித்தான் பிறந்தது. அந்த வழியில்தான் இன்ஃபோசிஸ் 1999 மார்ச்சில் நாஸ்டாக் சந்தைக்குப் போனது, பிறகு 2012ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு மாறியது. அங்கே அதன் குறியீடு ஐ.என்.எஃப்.ஒய். இங்கே தேசியப் பங்குச் சந்தையில் முதலில் நீளமாக வேறு பெயர் இருந்தது. 2011ல் கம்பெனி தன் பெயரை இன்ஃபோசிஸ் லிமிடெட் என்று சுருக்கிக்கொண்ட பிறகு இங்கேயும் அதே நான்கு எழுத்து வந்துவிட்டது. ஆக மும்பையிலும் ஐ.என்.எஃப்.ஒய்., நியூயார்க்கிலும் ஐ.என்.எஃப்.ஒய். ஒன்று ரூபாயில், ஒன்று டாலரில்.

வகுப்பில் மூன்று சரவணன் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? கே.சரவணன், எம்.சரவணன் என்று தலையெழுத்து சேர்ப்பார். ஊருக்குள் என்றால் மாயவரம் சரவணன், கும்பகோணம் சரவணன். கணினித் திரையிலும் அதையேதான் செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் பின்னால் சேர்க்கிறார்கள். குறியீடு, ஒரு புள்ளி, அதன்பின் சந்தையின் சுருக்கம். இப்படி வால் சேர்ப்பதைப் பரப்பியதில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. அதை நிறுவிய ஜூலியஸ் ராய்ட்டர் 1850ல் ஜெர்மனியின் ஆகனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே, தந்திக் கம்பி இல்லாத இடைவெளியில், புறாக்கள் மூலம் பங்கு விலையை அனுப்பியவர். அந்த நிறுவனம் பின்னாளில் கணினியில் உலகச் சந்தைகள் அனைத்தையும் ஒரே திரையில் காட்டியபோது ஊர்ப் பெயர் இல்லாமல் முடியவில்லை. தேசியப் பங்குச் சந்தைக்கு என்.எஸ்., பம்பாய்க்கு பி.ஓ., லண்டனுக்கு எல்., டோக்கியோவுக்கு டி., ஹாங்காங்குக்கு ஹெச்.கே. யாஹூ போன்ற தளங்களிலும் இதே வால்களைப் பார்க்கலாம். 1995ல் பம்பாய் மும்பை ஆகிவிட்டது. வால் இன்னும் பி.ஓ.தான். எம்.ஏ.எஸ்ஸுக்கு ஒரு தம்பி!

ஆனால் யாஹூவில் அமெரிக்கப் பங்குகளுக்கு மட்டும் வால் கிடையாது. வெறும் எழுத்து போட்டால் அமெரிக்கா என்று அர்த்தம். இது எனக்குத் தபால்தலையை நினைவூட்டுகிறது. உலகத்தில் எல்லா நாட்டுத் தபால்தலையிலும் நாட்டின் பெயர் இருக்கும், பிரிட்டன் தபால்தலையில் இருக்காது. 1840ல் முதலில் வெளியிட்டது அவர்கள், அதனால் "நாங்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை" என்ற நினைப்பு. யார் முதலில் வீடு கட்டினார்களோ அவர்கள் கதவில் எண் போடுவதில்லை போலும். என் நாத்தனார் வால் இல்லாமல் நான்கு எழுத்தைத் தட்டினாள், திரை நேராக நியூயார்க்குக்குப் போய்விட்டது. தப்பு அவளுடையது இல்லை.

வால் சேர்க்கும் முறையாவது எல்லா இடத்திலும் ஒன்றா என்றால் அதுவும் இல்லை. சில தளங்களில் சந்தையின் பெயர் முன்னால் வந்து, முக்காற்புள்ளி போட்டு, பிறகு பங்கு வரும். புளூம்பெர்க்கில் இடைவெளி விட்டு நாட்டுக் குறி. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷையர் ஹாத்தவே கம்பெனிக்கு 'ஏ', 'பி' என்று இரண்டு வகைப் பங்கு உண்டு. அந்த 'பி'க்கு முன்னால் ஓரிடத்தில் புள்ளி, ஓரிடத்தில் சிறுகோடு, ஓரிடத்தில் சாய்கோடு, இன்னோரிடத்தில் வெறும் இடைவெளி. ஒரு 'ஏ' பங்கில் உள்ள உரிமை 1,500 'பி' பங்குக்குச் சமம். 'ஏ'யின் விலை 7 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. எழுத்து ஒன்று மாறினால் பாருங்கள்! நம் மஹிந்திரா அண்ட் மஹிந்திராவின் குறியீட்டில் 'அண்ட்' குறி இருப்பதால், இணைய முகவரியில் அதை அப்படியே போட்டால் கணினி அங்கேயே பெயரை இரண்டாக வெட்டிவிடும் என்று சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் சொன்னார். எண் குறியீட்டுக்கு வேறு தலைவலி. சாம்சங்கின் 005930ஐ எக்ஸெல் கட்டத்தில் தட்டினால் "முன்னால் இருக்கும் சைபருக்கு மதிப்பில்லை" என்று அது தள்ளிவிட்டு 5930 என்று வைத்துக்கொள்ளும். கணக்குப் பாடப்படி அது சரிதான். இங்கே அந்தச் சைபர்கள் எண் இல்லை, பெயர். ஷாங்காயில் 000001 என்றால் அந்தச் சந்தையின் மொத்தக் குறியீட்டெண். ஷென்ஜனில் அதே 000001 என்றால் பிங் ஆன் வங்கி. வால் இல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

விலையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். லண்டனில் பெரும்பாலான பங்குகளின் விலையைப் பவுண்டில் சொல்வதில்லை, பென்ஸில் சொல்வார்கள். 800 என்று இருந்தால் 8 பவுண்ட். ஹெச்.எஸ்.பி.சி. வங்கி லண்டனில் பென்ஸிலும், ஹாங்காங்கில் 0005 என்ற எண்ணோடு ஹாங்காங் டாலரிலும், நியூயார்க்கில் அமெரிக்க டாலரிலும் வணிகமாகிறது. நியூயார்க் ரசீது ஒன்றுக்கு ஐந்து பங்கு வேறு. நம் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் அப்படித்தான், அமெரிக்க ரசீது ஒன்று இரண்டு பங்குக்குச் சமம்.

குறியீட்டைப் பெயர் என்று நம்பியதால் வந்த வேடிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபரில் ட்விட்டர் பங்கு வெளியிடப் போவதாகவும் அதன் குறியீடு டி.டபிள்யூ.டி.ஆர். என்றும் செய்தி வந்தது. பங்கு சந்தைக்கு வரவே இல்லை. ஆனால் ட்வீட்டர் என்று ஒரு மின்னணுக் கடை, எப்போதோ திவாலானது, குறியீடு அதே நான்கெழுத்தோடு கடைசியில் 'க்யூ'. ஒரு சென்டுக்கும் கீழே கிடந்த அந்தப் பங்கு ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. வணிகத்தை நிறுத்தி, பிறகு குறியீட்டையே மாற்றினார்கள். திவாலான கம்பெனிக்குத்தான் அந்த 'க்யூ' போடுவார்கள் என்பது ஏறும்போது வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! 2020ல் ஊரடங்கில் எல்லாரும் ஜூம் வகுப்பு எடுத்தபோதும் இதே கூத்து. ஜூம் வீடியோவின் குறியீடு இசட்.எம். ஆனால் இசட்.ஓ.ஓ.எம். என்று முழுசாக வைத்திருந்தது சம்பந்தமே இல்லாத ஜூம் டெக்னாலஜிஸ். அதன் விலை எகிற, மார்ச் மாதம் அமெரிக்கப் பங்கு வாரியம் அதன் வணிகத்தை நிறுத்தி வைத்தது.

அப்படியானால் பங்குக்கு உண்மையான அடையாளமே கிடையாதா? இருக்கிறது. 1968ல் நியூயார்க்கில் பங்குக் காகிதங்கள் மலைபோல் குவிந்து, அவற்றைச் சரிபார்க்கவே புதன்கிழமைகளில் சந்தையை மூட வேண்டி வந்தது. அந்தக் காலத்தில்தான் பங்குகளுக்கு ஒழுங்கான எண் கொடுக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. பிறகு உலகம் முழுக்க ஐசின் என்ற 12 இலக்க எண் வந்தது. முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த ஒன்பது பங்கின் அடையாளம், கடைசி ஒன்று சரிபார்ப்பு எண். நம் டீமேட் அறிக்கையில் ஒவ்வொரு பங்குக்கும் பக்கத்தில் இருக்கும். இன்ஃபோசிஸின் இந்தியப் பங்கு ஐஎன்இ009ஏ01021. அதன் அமெரிக்க ரசீது யூஎஸ்4567881085. குறியீடு ஒன்றாக இருந்தாலும் இந்த எண் ஒட்டாது. எந்தச் சந்தையில் விற்கிறோம் என்பதை மட்டும் இது சொல்லாது, மும்பையின் இரண்டு சந்தைக்கும் ஒரே எண்தான்.

அந்தக் கடைசி இலக்கம்தான் எனக்குப் பிடித்தது. ஆங்கில எழுத்துகளுக்கு 'ஏ' என்றால் 10, 'பி' 11, இப்படி 'இசட்' 35 வரை போடுங்கள். இன்ஃபோசிஸுக்கு 'ஐ' 18, 'என்' 23, 'இ' 14, நடுவில் வரும் 'ஏ' 10. வரிசையாக எழுதினால் 1823140091001021. வலது கோடியிலிருந்து தொடங்கி, முதல் இலக்கத்தை விட்டுவிட்டு இரண்டாவதை இரட்டியுங்கள், மூன்றாவதை விட்டு நான்காவதை இரட்டியுங்கள், இப்படியே கடைசி வரை. இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், 9ஐ இரட்டித்தால் 18, அது 9. எல்லாவற்றையும் கூட்டினால் 40. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, எண் சரி. கடைசி 2ஐயும் 1ஐயும் இடம் மாற்றி எழுதினால் 39 வரும், எங்கேயோ கை தவறிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விட்டால் டீச்சர் மாறிவிட்டாள் என்பீர்கள். ஆப்பிள் நிறுவனத்தின் எண் யூஎஸ்0378331005. 'யூ' 30, 'எஸ்' 28. கூட்டுத்தொகை என்ன வருகிறது என்று கீழே எழுதுங்கள். காகிதம், பென்சில் மட்டும். கால்குலேட்டர் கூடாது.